லைப்ரரி அப்டேட்டுக்குப் பிறகு பேக்மேன் திறக்கவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

ஆர்ச் லினக்ஸ் போட்ட சில கணினிகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். என்னுடையது, வீட்டாருடையது, நண்பர்களுடையது. திரும்பத் திரும்ப என் கைக்கு வரும் பழுது ஒன்றுதான். ஏதோ ஒரு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பு) புதிய பதிப்புக்கு மாறியிருக்கும், ஆர்ச்சில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான பேக்மேன் பழையதைத் தேடிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் பேக்மேன் மாறியிருக்கும், லைப்ரரி பழையதாகவே கிடக்கும். பழுது பார்க்கிற கருவியே உடைந்துவிட்டதால் ஆட்கள் பதறிவிடுகிறார்கள். பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான் இது. பதற்றத்தில் முதல் பத்து நிமிடம் செய்கிற காரியங்கள்தான் அதை ஒரு நாள் வேலையாக்குகின்றன.

கட்டளைகள், கோப்புப் பாதைகள், பிழைச் செய்திகள் எல்லாவற்றையும் ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பேக்மேனின் விருப்பங்களில் முதல் எழுத்து பெரியது, மற்றவை சிறியவை: முழு அப்டேட்டுக்கான -எஸ்ஒய்யூ என்றால் எஸ் மட்டும் பெரியது.

## கை வைப்பதற்கு முன்

ரீபூட் செய்யாதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற நிரல்கள் பழைய லைப்ரரியை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. அவை ஓடுகிறவரை உங்களுக்கு ஒரு டெஸ்க்டாப், ஒரு டெர்மினல், ஒரு பிரவுசர் இருக்கிறது. அணைத்துப் போட்டால் இதுவும் போகலாம்.

இன்னொரு டெர்மினலில் ரூட் ஷெல் (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை தட்டும் இடம்) ஒன்றைத் திறந்து அப்படியே விட்டுவைங்கள். குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் உடைந்திருந்தால் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவும் திறக்காமல் போகலாம், அப்போது எஸ்யூ கைகொடுக்கும்.

அப்புறம் முக்கியமானது: இல்லாத லைப்ரரியின் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு ஏமாற்றாதீர்கள். "13-ஐக் கேட்கிறதா, 14-க்கு 13 என்று ஒரு லிங்க் போடு" என்று யாராவது சொல்வார்கள். லைப்ரரியின் கடைசி எண்ணை மாற்றுவதே, பழையதற்கும் புதியதற்கும் ஒத்துப்போகாது என்பதை அறிவிக்கத்தான். பேக்கேஜுகளின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து, கணினி முழுவதும் கோப்புகளை எழுதுகிற ஒரு நிரலைப் பொருந்தாத லைப்ரரியோடு ஓடவிடுவது ஆபத்து. சில நேரம் அது ஓடியும் விடும். அப்போதும் பிறகு அதே பெயரில் உண்மையான கோப்பு பேக்கேஜில் வரும்போது, "எக்ஸிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்" என்று அப்டேட் நின்றுபோகும். போட்டுவிட்டீர்களா? இப்போதே அழித்துவிட்டு மேலே படியுங்கள்.

## அறிகுறி 1: "கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்" என்று பேக்மேன் நின்றுவிடுகிறது

நான் அதிகம் பார்த்தது இதுதான். செய்தியில் ஒரு லைப்ரரியின் பெயரும் அதன் கடைசியில் ஒரு எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை. "எல்டிடி /யூஎஸ்ஆர்/பின்/பேக்மேன்" என்று தட்டுங்கள். "நாட் ஃபவுண்ட்" என்று முடியும் வரிகள்தான் காணாமல் போனவை. ஒன்றா, பலவா என்று பாருங்கள். பெயர் புதிதாக இருந்தால் குழம்ப வேண்டாம். பேக்மேன் நேரடியாகச் சார்ந்திருப்பது லிப்ஆர்க்கைவ், லிப்கர்ல், ஜிபிஜிமீ, லிப்கிரிப்டோ போன்ற சிலவற்றைத்தான். அவை தங்களுக்கு வேண்டியதை இழுத்துவரும். லிப்யூனிஸ்ட்ரிங் என்ற பெயரையே கேட்டிராத ஒருவரின் பேக்மேனை அது நிறுத்திவிடும், ஏனென்றால் கோப்புகளை இறக்கும் கர்ல் வழியாக அது உள்ளே வருகிறது.

இரண்டாவது சோதனை. "எல்எஸ் /யூஎஸ்ஆர்/லிப்" போட்டு அதே லைப்ரரியின் எந்த எண் உண்மையில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்கும் எண் பெரியது, இருப்பது சிறியது என்றால் லைப்ரரி பின்தங்கிவிட்டது. கேட்பது சிறியது, இருப்பது பெரியது என்றால் பேக்மேனோ அதற்கு நடுவில் உள்ள ஏதோ ஒன்றோ பின்தங்கிவிட்டது. எந்தப் பேக்கேஜைத் தேட வேண்டும் என்பதை இந்த ஒரு பதில்தான் முடிவு செய்யும், ஆகவே அவசரப்படாமல் பாருங்கள்.

2022 நவம்பரில் ஆர்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-லிருந்து 3-க்கு மாறியபோது இரண்டு வகையும் வந்தன. பேக்மேனை மட்டும் புதுப்பித்தவருக்கு லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3 இல்லை என்றது. ஓப்பன்எஸ்எஸ்எல்லை மட்டும் புதுப்பித்தவருக்கு லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 இல்லை என்றது. முழுசாக -எஸ்ஒய்யூ போட்டு முடித்தவர்களுக்குப் பேக்மேன் வழக்கம்போல ஓடியது.

மூன்றாவது சோதனை. /வார்/லாக்/பேக்மேன்.லாக் கோப்பின் கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். எது எப்போது மாறியது, எங்கே நின்றது என்பது அதில் இருக்கும். என் அனுபவத்தில் பெரும்பாலும் "-எஸ்ஒய்" போட்டு ஒரே ஒரு பேக்கேஜை நிறுவிய வரி அங்கே நிற்கும். பட்டியலை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, கணினியைப் பழைய நிலையிலேயே வைத்து, அதன்மேல் ஒரு புதிய பேக்கேஜை ஏற்றுவது அது. ஆர்ச் இதை ஆதரிப்பதே இல்லை. இன்னொரு காரணம், பேக்மேன்.கான்ஃப் கோப்பில் ஏதோ ஒரு பேக்கேஜைப் புதுப்பிக்காமல் விடச் சொல்லி எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோன "இக்னோர்பிகேஜி" வரி. அது இருந்தால் இப்போதே நீக்குங்கள்.

இனி சரிசெய்வது. செலவு குறைந்ததிலிருந்து வருகிறேன்.

வழி 1: கேஷில் (பேக்மேன் முன்பு இறக்கியவற்றைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) இருக்கும் பேக்கேஜ். காணாமல் போன லைப்ரரி எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று தெரியவில்லையென்றால் /வார்/லிப்/பேக்மேன்/லோக்கல் அடைவில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் "ஃபைல்ஸ்" என்ற சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். எண்ணை விட்டுவிட்டு லைப்ரரி பெயரை மட்டும் வைத்து அவற்றில் கிரெப் கட்டளையால் தேடுங்கள், பேக்மேன் இல்லாமலே பதில் கிடைக்கும்.

அடுத்து /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி அடைவில் அந்தப் பேக்கேஜின் சரியான பதிப்பைத் தேடுங்கள். பேக்மேன் பின்தங்கிய வகை என்றால் பழைய பதிப்பு அநேகமாக அங்கேயே இருக்கும், கேஷைச் சுத்தம் செய்யாமல் இருந்தால். கிடைத்ததும் /டிஎம்பி-யில் "மீட்பு" போல ஒரு தற்காலிக அடைவை உருவாக்கி, டார் வைத்து அதற்குள் பிரியுங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் பிஎஸ்டிடார் இங்கே ஓடாமல் போகலாம், அதுவும் லிப்ஆர்க்கைவை நம்பி இருப்பதால். ஜிஎன்யூ டார் ஓடும். ஆர்ச் பேக்கேஜுகள் 2019 இறுதியிலிருந்து இசட்எஸ்டிடி முறையில் சுருக்கப்பட்டவை, அதைப் பிரிக்க இசட்எஸ்டிடி நிரலை ஜிஎன்யூ டாரே கூப்பிட்டுக்கொள்ளும்.

பிரித்ததை /யூஎஸ்ஆர்/லிப்-இல் கொட்டாதீர்கள். ரூட் ஷெல்லில், எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறிக்கு அந்தத் தற்காலிக அடைவுக்குள் இருக்கும் யூஎஸ்ஆர்/லிப்-ஐக் கொடுத்து, அதே வரியில் பேக்மேன் -எஸ்ஒய்யூ போடுங்கள். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் பேக்மேன் லைப்ரரியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், முழு அப்டேட்டும் முடிந்துவிடும். முன்னால் சூடோ சேர்த்தால் அது இந்த மாறியை வழியிலேயே உதறிவிடும். அதனால்தான் ரூட் ஷெல்லைத் திறந்து வைக்கச் சொன்னேன். வேலை முடிந்ததும் தற்காலிக அடைவை அழித்துவிடலாம், கணினியில் ஒரு தடமும் மிஞ்சாது. இந்தப் பழுதுக்கு எனக்குத் தெரிந்த வழிகளில் இதைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு: காணாமல் போனது ஜிலிப்சி (ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சி லைப்ரரி) என்றால் இந்த வழி வேண்டாம். லோடர் ஒரு பதிப்பு, சி லைப்ரரி இன்னொரு பதிப்பு என்று கலந்தால் எதுவுமே ஓடாது.

வழி 2: வெளியிலிருந்து கொண்டுவருவது. கேஷில் இல்லையென்றால் பேக்கேஜை இறக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் உடைந்தால் கர்ல் வேலை செய்யாது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பி இல்லை, என்எஸ்எஸ் என்ற வேறு லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. ஆகவே அது திறக்கும். புதிய பதிப்பு ஆர்ச் தளத்தின் பேக்கேஜ் பக்கத்தில் கிடைக்கும். பழைய பதிப்புகள் ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவில் தேதி வாரியாகவும் பெயர் வாரியாகவும் இருக்கின்றன. பிரவுசரும் இல்லையென்றால் வேறு கணினியிலோ கைபேசியிலோ இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள். பிறகு வழி 1 அப்படியே.

வழி 3: பேக்மேன்-ஸ்டாட்டிக். தேவையான லைப்ரரிகளை எல்லாம் தனக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்ட பேக்மேன் இது. பயனர்களே பராமரிக்கும் பேக்கேஜ் தொகுப்பான ஏயூஆரில் இருக்கிறது. உடைந்த கணினியில் அதைக் கட்டுவது சிரமம் என்பதால், ஏற்கெனவே கட்டிய கோப்பை இறக்கி இயக்க அனுமதி கொடுத்துப் பயன்படுத்துவார்கள். நாலைந்து லைப்ரரிகள் ஒரே நேரத்தில் காணாமல் போயிருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்காமல் நேரே இதற்கு வந்துவிடுங்கள். ஒவ்வொரு கணினியிலும் இதை முன்கூட்டியே நிறுவி வைப்பது என் வழக்கம்.

வழி 4: லைவ் யூஎஸ்பி, அதாவது பென்டிரைவிலிருந்தே ஆர்ச்சை பூட் செய்வது. இதை அறிகுறி 6-இல் விரிவாகச் சொல்கிறேன்.

எந்த வழியில் போனாலும் முழு -எஸ்ஒய்யூ ஓடி முடிய வேண்டும். பேக்மேன் திறந்துவிட்டதே என்று பாதியில் எழுந்துவிடாதீர்கள். "செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லி, பழுது அப்படியே இருந்தால், நீங்கள் வைத்திருக்கும் மிரர் (பேக்கேஜுகளின் நகலை வழங்கும் சர்வர்) பின்தங்கியிருக்கலாம். மிரர்லிஸ்ட்டில் வேறொன்றை மேலே கொண்டுவந்து -எஸ்ஒய்ஒய்யூ போடுங்கள்.

## அறிகுறி 2: அதே இடத்தில் நிற்கிறது, ஆனால் "ஃபைல் டூ ஷார்ட்" என்கிறது

லைப்ரரி இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனது, லேப்டாப் பேட்டரி தீர்ந்தது, வட்டு நிரம்பியது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலில் "டிஎஃப் -எச்" போட்டு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேஷில் சில பழைய பேக்கேஜுகளை அழித்து இடம் செய்யுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் இப்போது மருந்து.

"எல்டிகான்ஃபிக்" கட்டளையை ரூட்டாக ஓட்டினால் வெறுமையான லைப்ரரிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி "எம்ப்டி, நாட் செக்டு" என்று காட்டும். இரண்டு மூன்றுதான் என்றால் வழி 1-ஐப் பின்பற்றிப் பேக்மேனை எழுப்பி, அந்தப் பேக்கேஜுகளைத் திரும்ப நிறுவுங்கள். இருபது முப்பது என்றால் லைவ் யூஎஸ்பிக்குப் போங்கள்.

பேக்மேன் எழுந்ததும் இரண்டு புகார்கள் வரலாம். "அனேபிள் டு லாக் டேட்டாபேஸ்" என்றால், வேறு பேக்மேன் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துவிட்டு /வார்/லிப்/பேக்மேன்/டிபி.எல்சிகே கோப்பை அழியுங்கள். லோக்கல் அடைவில் ஏதோ ஒரு பேக்கேஜின் "டெஸ்க்" கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால், அந்தப் பேக்கேஜின் பதிவும் பாதியில் போயிருக்கிறது. அந்த ஒரு அடைவை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, அதே பேக்கேஜை --ஓவர்ரைட் விருப்பத்தோடு திரும்ப நிறுவுங்கள். அந்தப் பேக்கேஜின் கோப்புகளுக்கு மட்டும் அந்த விருப்பத்தைக் கொடுங்கள்.

கடைசியில் பேக்மேன் -க்யூகேகே போட்டு அளவு பொருந்தாத கோப்புகளைப் பாருங்கள். ஒற்றைக் கே போதாது, கோப்பு இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். /இடிசி-க்குக் கீழே வரும் எச்சரிக்கைகள் நீங்களே மாற்றியவையாக இருக்கும், விட்டுவிடலாம். /யூஎஸ்ஆர்-க்குக் கீழே வருபவற்றை விடக் கூடாது.

## அறிகுறி 3: "வெர்ஷன் நாட் ஃபவுண்ட்" அல்லது "அன்டிஃபைன்டு சிம்பல்"

லைப்ரரி கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்தது தவறானது. எல்டிடி வெளியீட்டில் ஒவ்வொரு லைப்ரரியும் எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். /யூஎஸ்ஆர்/லிப் இல்லாத வேறு பாதை எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் நீங்களே கம்பைல் செய்து போட்ட பழைய கர்ல், /ஆப்ட்-இல் நிறுவிய பெரிய மென்பொருள் ஒன்று தன்னோடு கொண்டுவந்த ஓப்பன்எஸ்எஸ்எல், இப்படி ஏதாவது.

சூடோவோடு போட்டால் பேக்மேன் ஓடுகிறது, சாதாரணப் பயனராக -க்யூ போட்டால் உடைகிறது என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது: உங்கள் பாஷ்ஆர்சி-யில் யாரோ எல்டி_லைப்ரரி_பாத் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிய டெர்மினல் திறந்தால் முடிந்தது. அங்கே இல்லையென்றால் /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவையும் எல்டி.எஸ்ஓ.ப்ரிலோட் கோப்பையும் பாருங்கள். கோப்பு யாருக்குச் சொந்தம் என்று தெரியவில்லையென்றால் பேக்மேன் -க்யூஓ சொல்லும். "நோ பேக்கேஜ் ஓன்ஸ்" என்று வந்தால் அது கையால் போட்டது.

செய்தியில் ஜிலிப்சி என்றும் 2.38 போல ஒரு எண்ணும் வந்தால் கதை வேறு. புதிய ஜிலிப்சியோடு கட்டிய பேக்கேஜ் ஒன்று பழைய ஜிலிப்சியின் மேல் ஏறியிருக்கிறது. பேக்மேன் இன்னும் ஓடினால் உடனே -எஸ்ஒய்யூ. ஓடவில்லையென்றால் பேக்மேன்-ஸ்டாட்டிக், அதுவும் இல்லையென்றால் லைவ் யூஎஸ்பி.

## அறிகுறி 4: பேக்மேன் நன்றாக ஓடுகிறது, யேவோ பாருவோ ஓடவில்லை

இது பழுதே இல்லை, பயப்பட வேண்டாம். ஏயூஆர் பேக்கேஜுகளை நிறுவ உதவும் இந்தக் கருவிகள் பேக்மேனின் லிப்ஆல்பிஎம் லைப்ரரியோடு கட்டப்பட்டவை. பேக்மேன் 6.1 வந்தபோது (2024 மார்ச்) அதன் எண் 13-லிருந்து 14 ஆனது, அதே வருடம் 7.0 வந்தபோது 15 ஆனது. இரண்டு தடவையும் என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் இந்த அறிகுறியோடுதான் வந்தார்கள்.

ஏயூஆரிலிருந்து யேவின் கட்டு அடைவை கிட் வழியாக இறக்கி, சாதாரணப் பயனராக "மேக்பிகேஜி -எஸ்ஐ" போடுங்கள். இங்கே எஸ் சிறிய எழுத்து. "-பின்" என்று முடியும் முன்பே கட்டிய வகையை வைத்திருந்தால், அதைப் பராமரிப்பவர் புதிதாகக் கட்டி ஏற்றும்வரை திரும்ப நிறுவிப் பயனில்லை. மூலத்திலிருந்து கட்டும் வகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மற்ற ஏயூஆர் நிரல்களும் இதே காரணத்தால் ஐசியூ, பூஸ்ட் போன்ற லைப்ரரிகள் மாறும்போது நின்றுபோகும். ரீபில்ட்-டிடெக்டர் என்ற பேக்கேஜில் வரும் "செக்ரீபில்ட்" கட்டளை எவற்றைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று பட்டியல் தரும்.

## அறிகுறி 5: பேக்மேன் திறக்கிறது, அப்டேட் செய்ய மறுக்கிறது

"பிரேக்ஸ் டிபென்டன்சி" என்று வந்தால், கடைசியில் "ரிக்வயர்டு பை" என்று சொல்லும் பேக்கேஜ் ஏயூஆரிலிருந்து வந்ததா என்று பேக்மேன் -க்யூஎம் போட்டுப் பாருங்கள். அநேகமாக ஆம். அதை நீக்கி, முழு அப்டேட் முடித்து, பிறகு திரும்பக் கட்டுங்கள்.

"அன்நோன் டிரஸ்ட்" என்றால் கணினியின் தேதியைப் பாருங்கள், தவறான தேதி கையெழுத்துகளைச் செல்லாததாக்கும். தேதி சரியென்றால் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவிகள் அடங்கிய ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜை மட்டும் -எஸ்ஒய் போட்டுப் புதுப்பித்து, அடுத்த வரியிலேயே -எஸ்யூ போடுங்கள். இந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் -எஸ்ஒய் போடலாம், இரண்டு கட்டளைக்கும் நடுவில் வேறு எதையும் நிறுவாமல்.

"ஜிபிஜிமீ எரர்: இன்வேலிட் கிரிப்டோ எஞ்சின்" என்பது கையெழுத்துப் பிரச்சினை போலத் தெரியும், பலரும் சாவிகளை அழித்துப் புதிதாக உருவாக்கப் போவார்கள். உண்மையில் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி நிரலே திறக்கவில்லை. "ஜிபிஜி --வெர்ஷன்" என்று தட்டிப் பாருங்கள், எந்த லைப்ரரி இல்லை என்று அதுவே சொல்லும். அப்புறம் அறிகுறி 1. கையெழுத்துச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு அப்டேட் செய்யும் யோசனையை நான் ஏற்பதில்லை. அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த, கணினிக்குள் வருவது யாருடைய கோப்பு என்று தெரியாமல் ஆக்கிக்கொள்கிறோம்.

## அறிகுறி 6: லாகின்கூட ஆகவில்லை, அல்லது பூட்டே ஆகவில்லை

வழக்கமான ஷெல்லான பாஷ் நம்பியிருக்கும் ரீட்லைன் லைப்ரரி போயிருக்கலாம், ஜிலிப்சி போயிருக்கலாம். 2019 தொடக்கத்தில் ரீட்லைன் 7-லிருந்து 8 ஆனபோது பாதி அப்டேட் செய்தவர்களுக்கு ஷெல்லே திறக்கவில்லை.

வேறு கணினியில் அந்த மாதத்து ஆர்ச் ஐஎஸ்ஓவை இறக்கி பென்டிரைவில் எழுதுங்கள். பழைய ஐஎஸ்ஓ வேண்டாம், அதிலிருக்கும் சாவிகளும் பழையவை. பூட் செய்து, இணையம் இணைத்து, "எல்எஸ்பிஎல்கே -எஃப்" போட்டு உங்கள் ரூட் பகுதியைக் கண்டுபிடித்து /எம்என்டி-யில் மவுன்ட் செய்யுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் சரியான சப்வால்யூமைக் கொடுங்கள். குறியாக்கம் செய்த வட்டு என்றால் முதலில் கிரிப்ட்செட்டப் ஓப்பன்.

அடுத்து /பூட் பகுதியை /எம்என்டி/பூட்-இல் மவுன்ட் செய்யுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், நானும் மறந்திருக்கிறேன். மறந்தால் புதிய கெர்னல் வேறிடத்தில் எழுதப்படும், பூட் ஆவது பழைய கெர்னல், அதற்கான மாட்யூல்கள் அழிந்திருக்கும். ஒரு பழுது இரண்டாகிவிடும்.

முதல் முயற்சி: பேக்மேன் --சிஸ்ரூட் /எம்என்டி -எஸ்ஒய்யூ. ஐஎஸ்ஓவின் பேக்மேன் உங்கள் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும், உங்கள் கான்ஃப் கோப்பையே படிக்கும். ஆனால் நுழைந்த பிறகு அது கூப்பிடுவது உங்கள் ஜிபிஜியை. அதுவும் உடைந்திருந்தாலோ, தளங்களின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் இறக்கம் நின்றாலோ, வெளியே நின்று செய்யும் வழிக்கு மாறுங்கள்: --ரூட் /எம்என்டி, --கேஷ்டிர் உங்கள் கேஷின் முழுப் பாதை, --கான்ஃபிக் /எம்என்டி/இடிசி/பேக்மேன்.கான்ஃப், பிறகு -எஸ்ஒய்யூ. இதில் ஐஎஸ்ஓவின் ஜிபிஜியும் சாவிகளும் பயன்படும்.

முடிந்ததும் ஆர்ச்-கிரூட் /எம்என்டி போட்டு உள்ளே போய் பூட் ஆகத் தேவையான தொடக்கக் கோப்பை உருவாக்கும் "எம்கேஇனிட்சிபிஐஓ -பி" (பி பெரிய எழுத்து) ஓட்டுங்கள். முந்தைய கட்டத்தில் /ப்ராக் மவுன்ட் ஆகாததால் அந்த வேலை நடந்திருக்காது. உள்ளே பாஷ் திறப்பதே ஜிலிப்சியும் ரீட்லைனும் சரியாகிவிட்டதற்கு அடையாளம். உடைந்தவை நிறைய என்று தோன்றினால் "பேக்மேன் -க்யூஎன்க்யூ" தரும் பட்டியலைக் குழாய் வழியாக "பேக்மேன் -எஸ் -"க்குக் கொடுத்து, அதிகாரப்பூர்வப் பேக்கேஜுகள் அனைத்தையும் திரும்ப நிறுவலாம். இறக்கம் பல ஜிபி ஆகலாம், கைபேசி டேட்டாவில் தொடங்க வேண்டாம்.

## எங்கே நிறுத்துவது

லைவ் யூஎஸ்பியில் இரண்டு மணி நேரம் ஆகியும் ஆர்ச்-கிரூட் உள்ளே விடவில்லையென்றால், நான் பழுது பார்ப்பதை நிறுத்திவிடுவேன். /ஹோம், /இடிசி இரண்டையும், /வார்/லிப்/பேக்மேன்/லோக்கல் அடைவின் பெயர்ப் பட்டியலையும் வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவேன். அந்தப் பட்டியல் இருந்தால் எதையெல்லாம் வைத்திருந்தீர்கள் என்று யோசித்து உட்கார வேண்டியதில்லை.

மற்றவர்களின் தரவு இருக்கும் சர்வர் என்றால் அறிகுறி 1-ஐத் தாண்டி நீங்களாகப் போகாதீர்கள். நகல் எடுத்த பிறகு, இந்த வேலையைச் செய்து பழகியவரைக் கூப்பிடுங்கள். பேக்மேன்.லாக் கோப்பையும் நீங்கள் இதுவரை தட்டிய கட்டளைகளையும் அவர் கையில் கொடுங்கள், சிம்லிங்க் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

லைவ் யூஎஸ்பியில், கெர்னல் செய்திகளைக் காட்டும் "டிஎம்இஎஸ்ஜி" வெளியீட்டில் "ஐ/ஓ எரர்" வரிகள் வந்தால் இது லைப்ரரிப் பழுதே இல்லை, வட்டு போகிறது. அப்டேட், வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே எதையும் ஓட்டாதீர்கள், வட்டில் எழுதும் ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது குறையும். நகல் இல்லாத படங்களோ கணக்குகளோ அதில் இருந்தால் கணினியை அணைத்து, வட்டைக் கழற்றி, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.